கையெழுத்துப் போட்டாச்சு தம்பி, இனிமே பேசலாம்

உங்க வெவசாயப் பயிற்சியோட வருகைப் பதிவேட்டுல நாங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுட்டோம் தம்பி. பேனரைப் புடிச்சுக்கிட்டு நின்னு போட்டோவும் எடுத்தாச்சு. எந்த இடத்துல எடுத்ததுன்னு அந்தப் போட்டோவே சொல்லிடுமாமே, ஜியோ டேக்கு! நல்ல ஏற்பாடு. ஆளு வந்தானான்னு அதுக்குத் தெரியும். வந்த ஆளு முழிச்சிருந்தானான்னுதான் தெரியாது. ஆக, உங்க ஆபீசுக்கு வேண்டியது முடிஞ்சுபோச்சு. டீயும் போண்டாவும் வர இன்னும் நேரம் கிடக்கு. அதுவரைக்கும் இந்தக் கெழவன் நாலு வார்த்தை பேசுனா கோவிச்சுக்க மாட்டீங்களே?

உங்க பேச்சைக் கொறை சொல்ல மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை கரண்டு வரும்னு மோட்டார் கொட்டாயில கொசுக்கடியில காத்துக் கிடந்தவன் எங்க பங்காளி. நீங்க “நோக்கமும் குறிக்கோளும்”னு ஆரம்பிச்சீங்க பாருங்க, மூணாவது வரிசையில அவன் குறட்டையே விட்டுட்டான். டாக்டரு குடுத்த மாத்திரைக்கு மசியாத தூக்கம் உங்க ரெண்டாவது படத்துக்கு மசிஞ்சுது. எந்திரிச்சதும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்றேன்.

இதே பாணியில தொடர்றதா இருந்தா இன்னும் கொஞ்சம் மெருகேத்தலாம். அடுத்த தடவை நடவு மும்முரத்துல வைங்க. வேலை இல்லாதவனெல்லாம் வந்து கூட்டம் நிறைஞ்சுடும். விதை நேர்த்தியில தொடங்கி அறுவடை வரைக்கும் ஒரே நாள்ல ஊட்டிடுங்க. ஆவணியில கேட்டதை மார்கழியில நாங்க மறந்துட்டா, அது எங்க புத்திக் கோளாறுன்னு அறிக்கையில எழுதிக்கலாம். “ஏதாச்சும் சந்தேகம் இருக்கா”ன்னு கடைசி ரெண்டு நிமிசத்துல கேளுங்க, சாம்பார் வாசனை உள்ள வர்ற நேரமாப் பாத்து. ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான். எல்லாருக்கும் புரிஞ்சுதுன்னு அதையும் எழுதிக்கலாம்.

இடம் புடிச்சதுலயும் உங்க கெட்டிக்காரத்தனம் தெரியுது. மூணாம் வகுப்புப் புள்ளைங்க பெஞ்சி! முழங்காலு மோவாயில இடிக்குது. எங்க தலைவரு உள்ள நுழைஞ்சு உட்கார்ந்தவரு, இப்ப வெளிய வர ரெண்டு பேரு கை குடுக்க வேண்டியிருக்கு. சிரிக்காதீங்க, இது சின்ன விஷயமில்லை. என் பேத்தி வேளாண்மை படிக்கிறா. லீவுக்கு வந்தா புஸ்தகத்துல இருக்கிறதை எனக்கு வாசிச்சுச் சொல்லுவா, நானும் வெத்திலையைப் போட்டுக்கிட்டுக் கேப்பேன். அவ சொன்ன கதை இது. அமெரிக்காவுல தென் கரோலினா பக்கம் ஜான்ஸ் தீவுன்னு ஒண்ணு. கறுப்பின சனங்க வெவசாயம் பாத்துப் பிழைச்ச ஊரு. ஓட்டுக்குப் பேரு பதியணும்னா அரசியல் சட்டத்துல ஒரு துண்டைப் படிச்சுக் காட்டணும்னு அப்ப அங்க விதி. எழுத்துத் தெரியாதவனை ஓட்டுப் பக்கம் அண்ட விடாம இருக்கத்தான் அந்த விதியே. பெரியவங்களுக்கு வகுப்பு நடத்திப் பாத்தாங்க. இதே மாதிரி சின்னப் புள்ளைங்க பெஞ்சியில உட்கார வெச்சாங்க. ஆளு தங்கலை. பேரன் உட்கார்ற எடத்துல உட்கார்ந்து பேரன் படிக்கிற பாடத்தைப் படிக்க எந்தத் தாத்தனுக்கு மனசு வரும்?

1957ல அங்க மறுபடி ஆரம்பிச்சாங்க. செப்டிமா கிளார்க்குன்னு ஒரு அம்மா, ஹைலேண்டர்னு ஒரு பள்ளிக்கூடத்துக்காரங்க, இவங்கள்லாம் சேந்து யோசிச்சு, வாத்தியாரே வேண்டாம்னு முடிவு கட்டுனாங்க. முடி அலங்காரம் பண்ற தொழில்ல இருந்த பெர்னிஸ் ராபின்சன்ங்கிற அம்மாவைக் கூட்டியாந்து நிறுத்துனாங்க. முன்னாடி மளிகைக் கடை, பின்கட்டுல வகுப்பு. அந்தம்மா வந்ததும் பாடத்தை எடுத்து விடலை. உங்களுக்கு என்ன கத்துக்கணும்னு கேட்டாங்க. ஒருத்தருக்குத் தன் பேரை எழுதணும். ஒருத்தருக்கு மணியார்டர் பாரம் நிரப்பணும். அதுவே பாடமாச்சு, அரசியல் சட்டமும் அதுக்குள்ளயே வந்து உட்கார்ந்துக்கிச்சு. நீங்க இன்னிக்குக் காலையில எங்ககிட்ட என்ன கேட்டீங்க? “செல்போனை சைலண்ட்டுல போட்டாச்சா”ன்னு கேட்டீங்க. அதுவும் அவசியமான கேள்விதான், இல்லேங்கலை.

அப்புறம் திரையில ஒரு புகையான் காட்டுனீங்களே, எருமைக் கன்னு பெருசுக்கு! எங்க வயல்ல இருக்கிறது அரிசியில முக்கால்கூட இருக்காது. இது வேற சாதியோன்னு பின்னாடி ஒருத்தன் நெசமாவே என்கிட்ட கேட்டான். தூருல, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஒட்டிக்கிட்டு சாறு குடிச்சுக்கிட்டு இருக்கும் அது. பயிரை விலக்கிவிட்டுத் தூரைத் தட்டுனா பொலபொலன்னு தண்ணியில விழும். அதைக் காட்டக் கரண்டும் வேண்டாம், திரையும் வேண்டாம். குனியறதுக்கு முதுகு மட்டும் வேணும். உங்க முதுகு இளசுதானே தம்பி?

புகையான்னதும் இந்தோனேசியா ஞாபகம் வருது. நம்மளை மாதிரியே சோறு திங்கிற ஊரு. அங்க மருந்து அடிக்க அடிக்க புகையான் கூடிக்கிட்டே போச்சு. மருந்து மொதல்ல செலந்தியைக் கொன்னுடும். புகையான் முட்டையோ தண்டுக்குள்ள பத்திரமா இருக்கும். பொறிச்சு வெளிய வந்தா, புடிச்சுத் திங்க ஆளில்லை. பொண்ணு வீட்டுக்காரன் இல்லாத கல்யாணப் பந்தி, கேக்கணுமா? 1986ல சுகார்த்தோ 57 மருந்தை நெல்லுக்கு அடிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. உத்தரவு கடையில இருக்கிற டப்பாவை எடுத்துடும், எங்க மனசுக்குள்ள இருக்கிற டப்பாவை எடுக்குமா? அதுக்குத்தான் ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு கூட நிக்க, 1989ல வயல்வெளிப் பள்ளி ஆரம்பிச்சாங்க.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுவரு கிடையாது. இருபத்தஞ்சு பேரு சுமாரு, வாரம் ஒரு காலை, நட்டதுல இருந்து அறுக்கிற வரைக்கும். பயிரு வளர வளரப் பாடம் வளரும். பொங்கலுக்கு வர்ற கதிரைப் பத்தி ஆடி மாசம் யாரும் பேச மாட்டாங்க. எடுத்த எடுப்புலயே பரீட்சையும் உண்டு. பேப்பரு பேனா எதுவும் இல்லை. வயலோரத்துல ஒரு அட்டையை நட்டு, அதுல இருந்து ஒரு நூலை இழுத்து, உசுரோட இருக்கிற பூச்சிக்கு நேரா கட்டியிருப்பாங்க. இது பயிரைத் திங்குமா, பயிரைத் திங்கிறதைத் திங்குமான்னு கேள்வி. பக்கத்துல மூணு டப்பா. ஒவ்வொரு பதிலுக்கும் ஒண்ணு. உன் சீட்டை எதுல போடணுமோ போட்டுட்டுப் போ. எழுத்துத் தெரியாதவன் நம்ம ஊருல இருக்கலாம், ஓட்டுப் போடத் தெரியாதவன் இருக்கானா? யாரு எதைப் போட்டான்னு யாருக்கும் தெரியாது. மானம் போகாம தன் வெவரக்கேடு தனக்கு மட்டும் தெரியும்.

அதைவிடத் தமாசு கத்திரிக்கோல் பாடம். நம்மாளு வயல்ல நாலு எலை சுருண்டிருந்தாப் போதும், இலைச்சுருட்டுப் புழுன்னு மருந்துக் கடைக்கு ஓடுவான். அவங்க என்ன பண்ணுவாங்கன்னா, நட்ட கொஞ்ச நாள்ல ஒரு சின்னப் பாத்தியில நீயே கத்திரிக்கோலை எடுத்து எலையில பாதியை வெட்டுன்னுடுவாங்க. இன்னொரு பாத்தியில கால்வாசி. இன்னொண்ணை அப்படியே விட்டுடணும். பச்சைப் பயிரை வெட்டக் கை வருமா? திட்டிக்கிட்டேதான் வெட்டுவான். வாராவாரம் போய்ப் பாப்பான், தூரு கட்டுதா, எலை வருதான்னு. இளம்பயிரு தானாத் தேறிக்கிட்டு மேல வந்துடும். கடைசியில தன் கையால அறுத்து, தன் கையால எடை போட்டுப் பாக்கும்போது பெரிய வித்தியாசம் இருக்காது. பூச்சி தின்னது இவன் வெட்டுனதுல பாதிகூட இருக்காதே! அன்னிக்கு அவன் மண்டைக்குள்ள ஒரு கணக்கு ஓடும் பாருங்க, இத்தனை வருசமா கடைக்காரனுக்கு எவ்வளவு அழுதோம்னு. அந்தக் கணக்கை நீங்க திரையில போட்டிருந்தா, “சாருக்கு என்ன, சம்பளம் வருது”ன்னு எந்திரிச்சுப் போயிருப்பான்.

நம்ம பக்கமும் உழவர் வயல்வெளிப் பள்ளின்னு போர்டு வந்துச்சு. ஒழுங்கா வயல்ல நடத்துனவங்களும் உண்டு. சில எடத்துல போர்டுல மட்டும் வயல்வெளி இருந்துச்சு, பள்ளி கல்யாண மண்டபத்துல நடந்துச்சு. ஃபேன் காத்துல எந்தப் பூச்சி வரும்? ஈ வந்துச்சு.

உங்களை மட்டும் சொல்றேன்னு நெனைக்காதீங்க, எங்காளுங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. “நாப்பது வருச அனுபவம்”னு மீசையைத் தடவுவான். நாப்பது வருசம் செஞ்சது வாஸ்தவம், யோசிச்சுச் செஞ்சது எத்தனை வருசம்னு கேட்டா அந்தப் பக்கம் பாப்பான். பயிரு கருகருன்னு இருந்தாத்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். பக்கத்து வயலு கறுத்துட்டா ராவோட ராவா ஒரு மூட்டை யூரியா. கறுத்த பயிரு எங்க கண்ணுக்கு மட்டுமா அழகு, புகையானுக்கும் இலைச்சுருட்டுக்கும் அழகுதான். இதை வாயால சொல்லி மாத்த முடியாது தம்பி. அனுபவத்தோட மல்லுக்கு நின்னா அனுபவம்தான் செயிக்கும். அதுகிட்ட ஒரு சாட்சியைக் குடுத்து ஒதுங்கிக்கணும்.

இலை வண்ண அட்டை இருக்கே, அதைச் சாட்சியாக் குடுக்கலாம். உள்ளங்கை நீளம், வெளிர் பச்சையில இருந்து கரும்பச்சை வரைக்கும் வரிசையா நம்பர் போட்ட பட்டை. நட்டு ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பிக்கணும். காலையில எட்டுல இருந்து பத்துக்குள்ள, சூரியனுக்கு முதுகைக் காட்டி, எலை மேல நம்ம நெழலு விழற மாதிரி நின்னுக்கிட்டு, நல்லா விரிஞ்ச எலையை அட்டையில வெச்சுப் பாக்கணும். பத்துப் பயிருல பாக்கணும். ஆறு பயிரு, சொன்ன எண்ணுக்குக் கீழ வெளிறிக் கிடந்தா யூரியா போடு, இல்லேன்னா மூட்டை திண்ணையிலயே இருக்கட்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூணு, மத்த ரகத்துக்கு நாலு. இதுல வாத்தியாரு எங்க இருக்காரு? எலையும் அட்டையும் பேசிக்குது, இவன் நடுவுல நின்னு கேக்குறான். வயசானவனுக்கு அடுத்தவன் சொல்லித் தோத்தாத்தான் ரோசம். எலை சொல்லித் தோத்தா ஒரு ரோசமும் இல்லை.

இப்ப உங்க பேச்சுல எனக்கு ரொம்பப் புடிச்ச எடத்துக்கு வர்றேன். ஒத்தை நாத்து நடவு. மடகாஸ்கர்ல லோலானியேன்னு ஒரு பாதிரியாரு எண்பதுகள்ல கண்டுபுடிச்சது, நம்ம அரசாங்கம் அதுக்கு ராஜராஜன் 1000னு பட்டமே கட்டிச்சு. ஏக்கருக்கு ரெண்டு மூணு கிலோ விதை, பதினாலு நாள் நாத்து, முக்காலடிக்கு ஒண்ணு. எல்லாம் வாஸ்தவம். இந்த ரூமுல எத்தனை பேரு நாத்து நடுவோம்னு கேட்டீங்களா? ஒருத்தனும் நட மாட்டான். வெத்திலையும் சீவலுமா வரப்புல நிப்போம். நடுறது பொம்பளைங்க. பட்டா எங்க பேருல இருக்கு, அதனால பயிற்சியும் எங்க பேருல வருது. கல்யாணம் மாப்பிள்ளைக்கு, பட்டுச் சட்டை தரகருக்கு!

அந்தக் கையைப் பாத்திருக்கீங்களா? இடது கையில நாத்து முடி. வலது கை அதுல இருந்து நாலஞ்சு நாத்தைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு கீழ போகும், கட்டை விரலு சேத்துல ஒரு அழுத்து, கை மேல வரும்போதே அடுத்த குத்துக்கு நாத்து பிரிஞ்சிருக்கும். கண்ணு அங்க இல்லை, வாயி பக்கத்துல நிக்கிறவகிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டு இருக்கும். பன்னெண்டு வயசுல பழகுன கை அது. அந்தக் கைக்கிட்டப் போய் ஒரே ஒரு நாத்தை, அதுவும் விரலு நீளத்து நாத்தை, வேரும் ஒட்டியிருக்கிற விதையும் அறாம, ஆழமாவும் அழுத்தாம, கயித்துல குறி வெச்ச எடத்துல வைன்னு சொல்றோம். எழுதத் தெரிஞ்சவனை எடது கையால எழுதச் சொன்ன கணக்கு. இதுல அவங்க ஏக்கருக்கு இவ்வளவுன்னு கொத்து பேசி வர்றவங்க. மொத நாளு பாதி வேலைகூட ஓடாது. நட்டம் யாருக்கு? மேடையில பேசுனவருக்கா, வரப்புல நின்ன எனக்கா?

எங்க ஊருல ஒத்தை நாத்து மொதல்ல நட்ட அன்னிக்கு அந்தப் பொம்பளைங்க பேசுனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. “ஒண்ணே ஒண்ணு நடச் சொல்றீங்களே, நண்டு வெட்டிட்டா யாரு பதில் சொல்றது”ன்னு நடவுக்கு ஆள் சேக்கிற அம்மா கேட்டுச்சு. என்ன அழகான கேள்வி! ஓரத்துல கொஞ்சம் நாத்தை மிச்சம் வெச்சு, போனதுக்குப் பதில் போட்டுக்கணும்னு பதில் இருக்கு. ஆனா அந்தக் கேள்வி வரப்புல வந்துச்சு, பதில் பயிற்சி நடந்த மண்டபத்துல இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர் தார் ரோடு. மறுநாளு என்ன ஆச்சு? நாங்க பாக்கும்போது ஒண்ணு நட்டாங்க, வெத்திலை வாங்கப் போனதும் நாலு நட்டாங்க. ஒத்தை நாத்து நம்ம மண்ணுக்கு ஒத்து வரலைன்னு நாங்களும் ஊரெல்லாம் சொல்லிட்டோம். பழி மண்ணு மேல போச்சு. மண்ணு வாயைத் தொறந்து மறுக்கவா போகுது?

அதனால சொல்றேன், கத்துக்கிற அன்னிக்குக் கூலியில கை வைக்காதீங்க. உங்க பட்ஜெட்டுல பூங்கொத்துக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்குனீங்களே, அந்தக் காசை அரை ஏக்கருக்கு ஒரு நாள் கூலியாக் குடுங்க. மெதுவா நடட்டும், தப்பா நடட்டும், சிரிச்சுக்கிட்டு நடட்டும். மூணாவது நாளு அந்தக் கை தானா ஊர்க்கதை பேச ஆரம்பிச்சுடும்.

பொம்பளைங்க கத்துக்க மாட்டாங்கன்னு மட்டும் நம்ம மாவட்டத்துல நின்னுக்கிட்டுச் சொல்லிடாதீங்க. இது புதுக்கோட்டை. 1991ல இங்க அறிவொளி இயக்கம் வந்துச்சு. கலெக்டரு ஷீலா ராணி சுங்கத் அம்மா, அ-ஆவன்னாவோட சைக்கிளையும் சேத்து விட்டாங்க. கல்லு குவாரியில வேலை பாக்குற பொம்பளை, அங்கன்வாடி அம்மா, வயல் வேலைக்காரி, அத்தனை பேரும் சாயங்காலம் மைதானத்துல சைக்கிளோட விழுந்து எந்திரிச்சாங்க. ஒருத்தி கத்துக்கிட்டா அவளே அடுத்தவளுக்கு வாத்திச்சி. லட்சத்துக்கு மேல கத்துக்கிட்டாங்க. 1992 மகளிர் தினத்தன்னிக்கு ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல மணியடிச்சுக்கிட்டு டவுனுக்குள்ள வந்தாங்க. லேடீஸ் சைக்கிள் கடையில தீந்துபோச்சு. அப்புறம் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்குனாங்க, சில பேரு அதுதான் வேணும்னும் கேட்டாங்க. ஏன் தெரியுமா? முன்னாடி பாரு இருக்குல்ல, அதுல புள்ளையை உட்கார வெக்கலாம். இந்த யோசனை எந்தக் கையேட்டுல இருந்து வந்துச்சு? பஸ்ஸுக்குக் காத்து நிக்க வேண்டாம், தண்ணிக் குடத்தைத் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டாம், புருசன் வந்து இறக்கிவிடணும்னு கெஞ்ச வேண்டாம். எதுக்குக் கத்துக்கிறோம்னு அவளுக்குத் தெரியும். உங்க படத்துல “நோக்கம்”னு போட்டிருந்தீங்களே, அது யாரோட நோக்கம் தம்பி?

பேத்தி ஒரு பேரு சொன்னா, மால்கம் நோல்ஸ்னு. பெரியவங்களுக்குக் கத்துக்குடுக்கிறதுக்குன்னே 1970ல அமெரிக்காவுல தடியா ஒரு புஸ்தகம் போட்டவராம். பெரியவனுக்கு எதுக்குன்னு காரணம் தெரியணும், அவன் அனுபவத்துக்கு மரியாதை குடுக்கணும், நாளைக்கே உதவுற மாதிரி இருக்கணும்னு எழுதியிருக்காராம். புள்ளைங்களுக்கு ஒரு வழி, பெரியவங்களுக்கு வேற வழின்னு மொதல்ல அடிச்சுச் சொன்னவரு, பத்து வருசத்துல எறங்கி வந்து, இது புள்ளைங்களுக்கும் ஆகும்னு மாத்தி எழுதிட்டாராம். அந்த மனுசனை எனக்குப் புடிச்சுப் போச்சு. புஸ்தகம் போட்ட பொறகும் கத்துக்கிட்டிருக்காரு.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, அந்த முன்னோடி விவசாயி. அதோ மொத வரிசையில வெள்ளைச் சட்டையில இருக்காரே, எங்க மச்சான்தான். கிராம சேவகர் காலத்துல அவங்க அப்பா முன்னோடி. உங்க காலத்துல இவரு. எல்லாப் போட்டோவுலயும் இருப்பாரு. அவருக்கு ரெண்டு போர்வெல்லு, டிராக்டரு, மாசக்கடைசியில உரக்கடை பாக்கி வெக்காத கையி. அவரு வயல்ல வெளைஞ்சதைக் காட்டி “நீங்களும் செய்யலாம்”னு சொன்னா, கடைமடையில கால்வாய்த் தண்ணிக்கு வானத்தைப் பாக்கிறவன் என்ன நெனைப்பான்? அவனை மாதிரியே ஒரு மா நிலம், ஒரு மகளோட கல்யாணக் கடன் உள்ளவன் செஞ்சு காட்டுனாத்தான் பக்கத்துல வந்து பாப்பான். கேள்வியும் அவன்கிட்டத்தான் கேப்பான். இந்த ரூமுல கேக்க மாட்டான். ஏன்னா ரெண்டாவது வரிசையில அவன் சம்பந்தி உட்கார்ந்திருக்காரு. சம்பந்தி முன்னாடி “எனக்குத் தெரியலை”ன்னு சொல்ற ஆம்பளையை நான் இந்த ஜில்லாவுல பாத்ததில்லை. அஞ்சு அஞ்சு பேராப் பிரிச்சு விடுங்க, சம்பந்திகளை வேற வேற குழுவுல போடுங்க. அந்த லிஸ்டை மட்டும் என்கிட்ட கேளுங்க, எந்த ஆபீசுலயும் கிடைக்காது.

சரி, டீ வந்துடுச்சு. குடிச்சுட்டு என் வயலுக்கு வாங்க, ரொம்பத் தூரமில்லை. செருப்பைக் கழட்டிட்டு எறங்கணும், பேன்ட்டை முட்டி வரைக்கும் ஏத்திக்கங்க. பேத்தியோட பழைய கொசுவலை ஒண்ணு இருக்கு, நாலு குச்சி நட்டுக் கட்டி, உள்ள புகையானையும் செலந்தியையும் ஒண்ணா விட்டுப் பாக்கலாம். புகையான் தாராளமா இருக்கு, நான் தர்றேன். செலந்தியை நீங்கதான் புடிக்கணும். நடவுக்கு ஆள் சேக்கிற அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன், நண்டுக் கேள்வியை இன்னும் மறக்கலை அது. உங்க மேலதிகாரி எங்கன்னு கேட்டா பயிற்சி நடக்குதுன்னே சொல்லுங்க. பொய்யில்லையே, உங்களுக்குத்தானே நடக்குது.